கிக்ஃபிளிப் தெரியாதவர்கள் பார்க்கலாமா?

2020 பிப்ரவரியில் பாஃப்டா விருதின் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் ஐந்து படங்கள் போட்டியிட்டன. அவற்றில் இரண்டு படங்கள் ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமிகளைப் பற்றியவை. சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ மாமல்லபுரத்துக் கடற்கரையில் எடுக்கப்பட்டது. கேரல் டைசிங்கர் இயக்கிய ‘லேர்னிங் டு ஸ்கேட்போர்ட் இன் எ வார்ஸோன்’ காபூலில் எடுக்கப்பட்டது. விருது காபூல் படத்துக்குப் போனது. அடுத்த வாரமே சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது. இரண்டு விருதுகளுக்கும் வாக்களித்தவர்கள் திரைத்துறைக்காரர்கள். பலகையில் ஏறி விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டவர்கள் அவர்களுக்குள் எத்தனை பேர் இருந்திருக்கப்போகிறார்கள்?

காபூல் படத்தைப் புரிந்துகொள்ள விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஆஸ்திரேலியரான ஆலிவர் பெர்கோவிச் 2007-இல் ஆப்கானிஸ்தான் போனபோது உடன் கொண்டுபோன பலகைகளைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் கூடினார்கள். அங்கே பெண் பிள்ளைகள் சைக்கிள் மிதித்தால் ஊர் முகம் சுளிக்கும். பலகையை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை, அதனால் அதற்குத் தடை போடவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் ‘ஸ்கேட்டிஸ்தான்’ பள்ளி. படத்தில் சிறுமிகள் ஒரு பொழுது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள், மறுபொழுது தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறார்கள். அவர்கள் செய்வது ஆரம்பநிலை வித்தைதான். ஆனால் முதல்முறை கீழே இறங்கும்போது அந்த முகத்தில் வரும் பயமும் மறுநொடியே வரும் சிரிப்பும் எந்த ஊர்க்காரருக்கும் தெரிந்தவை.

ஸ்கேட்டர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் வீடியோக்கள் வேறு வகை. ஸ்டேசி பெரால்டா 1984-இல் எடுத்த ‘போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ’, ஸ்பைக் ஜோன்ஸ் 1991-இல் எடுத்த ‘வீடியோ டேஸ்’ போன்றவை அந்த உலகில் வேதம் போல. பின்னணியில் ஒரு பாட்டு ஓடும், ஒரு வித்தை முடிந்ததும் அடுத்தது வரும், அவ்வளவுதான். வெளியாளுக்குப் பத்து நிமிடத்தில் கண் அலுத்துவிடும், அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. எது எளிது, எது அசாத்தியம் என்பது தெரியாமல் வியப்பு எங்கிருந்து வரும்? ‘ஆலி’யையே எடுத்துக்கொள்வோம். பின்காலால் பலகையின் வாலைத் தரையில் ஓங்கி அடிக்க வேண்டும். பலகையின் மூக்கு மேலே எழும்பும் அதே கணத்தில் குதித்து, முன்காலைப் பலகையின் மேல் உரசியபடி முன்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் பலகை காலோடு ஒட்டியதுபோல் காற்றில் எழும். திரையில் அரை நொடியில் முடிந்துபோகும் இந்தத் துள்ளலுக்குப் பின்னால் மாதக்கணக்கான அடிபடல் இருக்கிறது. வீடியோ அதைச் சொல்லாது, பார்ப்பவருக்கே தெரியும் என்று விட்டுவிடும். ஆவணப்படம் அந்த அடிபடலிலிருந்தே தொடங்க முடியும்.

இந்த விளையாட்டிடம் மற்ற விளையாட்டுகளிடம் இல்லாத ஒரு சொத்தும் இருக்கிறது. ஸ்கேட்டர்கள் எப்போதும் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் அட்டை உண்டு. தெருப் படிக்கட்டில் ஒருவன் செய்த வித்தைக்கு வீடியோதான் சாட்சி. அதனால் ஒவ்வொரு நண்பர் கூட்டத்திலும் கேமரா தூக்குபவன் ஒருவன் இருப்பான். 1995-இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவில் மீன்கண் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, தானும் ஒரு பலகையில் உருண்டபடி, தரையை ஒட்டி நண்பனைத் துரத்திப் படமெடுப்பது ஒரு தலைமுறையின் பழக்கம். வித்தைக்கும் வித்தைக்கும் நடுவே கேமரா அணையாமல் கிடக்கும்போது பேச்சும் சண்டையும் வீட்டுக்குப் போக மனமில்லாத மாலைகளும் சேர்ந்தே பதிவாகிவிடுகின்றன. எந்த ஆவணப்பட இயக்குநராலும் வெளியிலிருந்து போய் இதைச் சம்பாதிக்க முடியாது.

2018-இல் வெளிவந்த ‘மைண்டிங் த கேப்’ அப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்து பிறந்த படம். இயக்குநர் பிங் லியூ அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ராக்ஃபோர்ட் நகரில் வளர்ந்தவர். ஆலைகள் மூடிப்போய் வேலை வற்றிய ஊர் அது. சிறுவயதிலிருந்தே நண்பர்களைப் படமெடுத்து வந்த அவர், 12 ஆண்டுக் காட்சிகளை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படமாகத் தொகுத்தார். காலியான தெருக்களில் இளைஞர்கள் வழுக்கிக்கொண்டு போக, கேமராவும் அவர்கள் கூடவே மிதந்து போகிறது. பிங் லியூ தானும் பலகையில் நின்றபடி எடுத்த காட்சிகள் அவை. பலகையைத் தொட்டே பார்க்காதவரின் உடம்புக்கும் அந்த வேகம் புரிந்துவிடுகிறது.

பிறகு படம் மெல்லத் திரும்புகிறது. அது பின்தொடரும் இரண்டு நண்பர்களில் ஒருவன் கருப்பினத்தவன், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். தன்னைக் கண்டிப்போடு அடித்து வளர்த்த தந்தையை இழந்துவிட்டு, அவர்மீதுள்ள கோபத்தையும் பாசத்தையும் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறான். மற்றவன் கூரை வேலைக்குப் போகிறான், சின்ன வயதிலேயே தந்தையாகிவிட்டான். அவன் தன்னை அடித்ததாக அவனுடைய துணைவி கேமரா முன் சொல்கிறாள். பிங் லியூவும் மாற்றாந்தந்தையிடம் அடி வாங்கி வளர்ந்தவர்தான். படத்தின் பிற்பகுதியில் தன் தாயை எதிரில் உட்கார வைத்து, அந்த நாட்களைப் பற்றி நேரடியாகக் கேட்கிறார். மகனுக்கும் சரி, தாய்க்கும் சரி, அது தாங்க முடியாத உரையாடல். மூன்று பேரும் சிறுவயதில் ஏன் எந்நேரமும் தெருவிலேயே கிடந்தார்கள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. வீட்டுக்குள் இருக்க முடியாத பிள்ளைகளுக்குத் தெருவில் ஒரு குடும்பம் வாய்த்திருந்தது.

நண்பன் தப்பு செய்திருக்கிறான் என்று தெரிந்த பிறகும் இயக்குநர் கேமராவைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவனை அரக்கனாகவும் ஆக்கவில்லை. அந்த நேர்மையால்தான் இந்தப் படம் இவ்வகைப் படங்களிலேயே உச்சத்தில் நிற்கிறது. சன்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருதைப் பெற்று, ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆஸ்கரை வென்றது செங்குத்துப் பாறையில் கயிறில்லாமல் ஏறிய ஒருவரைப் பற்றிய ‘ஃப்ரீ சோலோ’. மலையேறாதவர்களையும் நாற்காலி நுனிக்கு இழுத்த படம் அது.

பெரால்டா 2001-இல் எடுத்த ‘டாக்டவுன் அண்ட் இசட்-பாய்ஸ்’ வெளியாட்களை வேறு வழியில் ஈர்க்கிறது. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா, வெனிஸ் கடற்கரையில் பாழடைந்த பொழுதுபோக்குப் பூங்காவின் தூண்களுக்கு நடுவே அலைச்சறுக்கு ஆடிய ஏழைப் பையன்கள், அலையில்லாத நேரத்தில் பள்ளிக்கூடங்களின் தார்ச் சரிவுகளுக்கு வந்தார்கள். அலையில் கை தொட்டுத் திரும்பும் ஹவாய் வீரர் லாரி பர்டில்மேனைப் பார்த்து, தாரில் கையூன்றித் திரும்பினார்கள். கல் தட்டினாலே நின்றுவிடும் பழைய களிமண் சக்கரங்களுக்குப் பதில் 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரங்கள் வந்திருந்தன. 1976-77 வறட்சியில் கலிஃபோர்னியா வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. மழை பொய்த்ததும் சக்கரம் மாறியதும் சேர்ந்துகொள்ள, பையன்கள் வேலி தாண்டிக் குளங்களுக்குள் குதித்தார்கள். ஒரு விளையாட்டு இப்படி உருவாகும் கதை, விளையாட்டே பிடிக்காதவருக்கும் சுவைக்கும். நடிகர் ஷான் பென் வர்ணனையின் நடுவே இருமுவதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அந்தப் பையன்களின் முரட்டுத்தனத்துக்கு அது பொருந்தியே போகிறது.

பெரால்டாவும் அந்தப் பையன்களில் ஒருவர். பணம் போட்டது வேன்ஸ் ஷூ நிறுவனம். அதனால் பிற்பாதியில் பழைய நண்பர்கள் ஒருவரையொருவர் புகழ்வது அளவு மீறிப்போகிறது. வெளியாளுக்கு அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் ஜே ஆடம்ஸ் வரும் இடங்களில் அந்தப் புகழ்ச்சி அடங்கிவிடுகிறது. கூட்டத்திலேயே அதிகத் திறமைசாலி, போதையில் சிக்கிச் சிறை வரை போனவர். அவரைக் காட்டும்போது நண்பர்களின் பேச்சில் பெருமையைவிட வருத்தமே மேலோங்குகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் ‘மைண்டிங் த கேப்’பிலிருந்து தொடங்குவது நல்லது. குடும்ப வன்முறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதால் சிறுவர்களோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றதல்ல. அவர்களோடு பார்க்கக் காபூல் படமும் ‘கமலி’யும் இருக்கின்றன. பிறகு பெரால்டாவே 2012-இல் எடுத்த ‘போன்ஸ் பிரிகேட்: அன் ஆட்டோபயாகிராபி’யைப் பார்க்கலாம். சமதரையில் ஆலி அடிக்கும் முறையையும், பலகையைக் காற்றில் சுழற்றும் கிக்ஃபிளிப்பையும் உருவாக்கிய ராட்னி மல்லன் அதில் மனம் திறக்கிறார். பெரிதாக அடிபட்டால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தந்தை அவருக்குப் பலகை வாங்கிக் கொடுத்தார். ஃப்ளோரிடாவின் பண்ணை வீட்டில் தனியாகவே பழகிய அந்தக் கூச்ச சுபாவி, சொற்களைத் தேடித் தேடிப் பேசுகிறார். அவரைக் கேட்ட பிறகு அதே பெரால்டாவின் 1984 வீடியோவைத் தேடிப் போட்டுப் பார்த்தால், முன்பு அரை நொடியில் கடந்துபோன ஒரு துள்ளலுக்காகப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கத் தோன்றும்.