தனியே கற்றால் பாடம், சேர்ந்து வாசித்தால்தான் கச்சேரி! – திருவண்ணாமலை இசை மாணவர்கள் மேடை தேடும் கதை

கார்த்திகை தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் திருவண்ணாமலையில் காலையும் இரவும் சாமி புறப்பாடுதான். வாகனத்தில் அண்ணாமலையார் மாடவீதிக்கு வரும்போது எல்லார் கண்ணும் சாமி மேல் இருக்கும். அவருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசித்துவரும் மேளக்காரர்களைக் கவனிப்பவர்கள் குறைவு.

அப்படி ஒரு மேளத்தில் இரண்டாவது தவில் பெரும்பாலும் ஓர் இளைஞர் தோளில்தான் தொங்கும். பெரியவர் கை ஓடும்போது அவர் அடக்கி வாசிக்க வேண்டும். பெரியவர் விட்ட இடத்தில் சட்டென்று எடுக்க வேண்டும். கூட்டம் நெருக்கும், புகை கண்ணைக் கரிக்கும், தவில் வார் தோளை அறுக்கும். ஆனாலும் தாளம் மட்டும் ஓடிவிடக் கூடாது.

இந்தப் பழக்கத்தை நான்கு சுவருக்குள் முழுசாகக் கற்றுத்தர முடியாது. அதே நேரம், நான்கு சுவருக்குள் முறையாகக் கற்காதவர் அந்த வீதிக்கு வந்து நிற்கவும் முடியாது. வகுப்பறைக்கும் வீதிக்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரம்தான் இன்று இசை படிக்கும் பிள்ளைகளின் பெரிய கவலை. பாடம் கிடைக்கிறது. மேடை?

ஏழு பிரிவுகள், மூன்று ஆண்டுகள்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. திருவண்ணாமலையில் இருப்பது அவற்றில் ஒன்று. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். படிப்பு மூன்று ஆண்டுகள்.

12 முதல் 25 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். குரலிசை, பரதம், வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். கட்டணம் மிகக் குறைவு. மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகை, இலவச பஸ் பாஸ் என்று சேர்க்கை அறிவிப்புகள் சொல்கின்றன. சேரும் முன் அந்த வருடத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏழு பிரிவுகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. பாடும் பிள்ளைக்குப் பக்கவாத்தியம் தேடி வெளியே அலைய வேண்டாம். பக்கத்து அறையில் வயலின் இருக்கிறது, அதற்கடுத்த அறையில் மிருதங்கம். பரதம் ஆடும் பெண்ணுக்குப் பாட ஆள் இருக்கிறது. தேவாரம் படிக்கும் மாணவரோடு மிருதங்க மாணவர் உட்கார்ந்தால் அதுவே ஒரு சின்னக் கச்சேரி.

‘செட்’ சேர்வது லேசா?

வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும்போது யாருக்கும் தவறு தெரியாது. நாலு பேர் சேர்ந்து உட்காரும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதல் சிக்கல் ஸ்ருதி. பெண்களுக்கு ஐந்து கட்டை, ஆண்களுக்கு ஒரு கட்டை என்பது பொதுவான வழக்கம். இரண்டு பேரையும் ஒரே பாட்டில் சேர்த்தால் ஒருவருக்கு உச்சம் எட்டாது, இன்னொருவருக்கு மந்த்ரம் கேட்காது. அதனால் எந்த வரியைப் பெண்கள் எடுப்பது, எந்த வரியில் எல்லாரும் சேர்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலப்பிரமாணம். மேடை ஏறியதும் படபடப்பில் வேகம் கூடிவிடும். ஒருவர் ஓடினால் மற்றவர்கள் துரத்த வேண்டியதுதான். கையில் தாளம் போட்டபடியே எல்லாரும் பாடிப் பழகுவது அதற்காகத்தான்.

நாதஸ்வரமும் தவிலும் இன்னும் கண்டிப்பானவை. மற்ற வாத்தியங்களையாவது ஒப்புக்குத் தனியாக வாசிக்கலாம். கோயில் மேளத்தில் நாதஸ்வரம் இல்லாமல் தவில் மட்டும் வந்தால் பாதிதான். சீவாளியைப் பதம் பார்த்து, மூச்சை நிறுத்தி ஊதப் பழகவே பல மாதங்கள் பிடிக்கும். தவிலுக்கு வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் கழி பிடித்து வாசிக்கக் கை உரமேற வேண்டும். ஒரு வருடம் தவிலுக்கு ஆள் சேர்ந்து, நாதஸ்வரத்துக்கு ஆள் வராவிட்டால் அந்த வருடப் பிள்ளைகளுக்குச் ‘செட்’ சேராது. ஒரு பிரிவில் ஒரு மாணவர் குறைந்தால் இன்னொரு பிரிவு மாணவரின் மேடை போய்விடுகிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாத விஷயம்.

கல்லூரி மேடையில் சினிமாப் பாட்டு கிடையாது

இசையைப் பாடமாகப் படிக்காத கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வழி உண்டு. திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட இந்த மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் வேலூர் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு பல்கலைக்கழகங்களுக்கு இடையே இளைஞர் விழாவை நடத்துகிறது. மண்டல அளவில் வென்றால் தேசிய அளவு வரை போகலாம். 25 வயதுக்குள் இருக்க வேண்டும்.

அதில் ‘குழுப் பாடல்’ போட்டியின் விதிகள் சுவாரசியமானவை. பாடுபவர்கள் அதிகபட்சம் ஆறு பேர், வாத்தியத்துக்கு மூன்று பேர், நேரம் பத்து நிமிடம். சினிமாப் பாட்டு கூடாது. செல்போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டு எதுவும் அங்கே உதவாது. சொந்த ஊர்ப் பாட்டைத் தேடித்தான் போக வேண்டும்.

திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு அதில் பஞ்சமே இல்லை. சம்பந்தரும் அப்பரும் பதிகம் பாடிய தலம் இது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இங்கேதான் என்பது மரபு. சந்தத்துக்கும் தாளத்துக்கும் பேர்போன திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதரின் ஊரும் இதுவே. லய வாத்தியம் கற்பவருக்குத் திருப்புகழைவிடப் பெரிய பயிற்சிப் புத்தகம் கிடைப்பது கஷ்டம்.

செய்யாறு பக்கம் ஒரு ‘ஆர்க்கெஸ்ட்ரா’

கோயிலை விட்டு வெளியே வந்தாலும் கூட்டிசைக்குக் குறைவில்லை. இதே மாவட்டத்தில் செய்யாறு பக்கம் இருக்கிறது புரிசை கிராமம். தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். அந்தக் கூத்து மரபைச் சேர்ந்த புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கூத்தில் ஆடுபவரே பாடுவார். பின்னால் ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, கைத்தாளம், கூடவே பின்பாட்டு. ஆட்டக்காரர் ஓர் அடியை நீட்டினால் வாத்தியம் காத்திருக்கும். அவர் திரும்பினால் தாளமும் திரும்பும். விடியவிடிய இப்படி ஒருவரையொருவர் பார்த்தே வாசிப்பார்கள். கூட்டிசை கற்கும் மாணவர்கள் ஒரு ராத்திரி கூத்துப் பார்த்தால் பல வகுப்புகளுக்குச் சமம்.

மேலே படிக்க…

பெயரில் அண்ணாமலை இருப்பதால் வெளியூர்க்காரர்கள் சிலர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திருவண்ணாமலையில் இருப்பதாக நினைப்பதுண்டு. அது ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெயரில் சிதம்பரத்தில் இருக்கிறது. 1929-இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே இசையும் கூடவே வந்தது. டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் தலைமை வகித்த துறை அது. 1941-இல் தமிழிசை மாநாடு நடந்ததும் அங்கேதான்.

இன்னொன்று, சென்னையில் 2013-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் இதோடு இணைந்தவை. மாவட்ட இசைப்பள்ளியில் மூன்று ஆண்டுகள் முடித்தவர் அடுத்துத் தட்ட வேண்டிய கதவுகள் இவை.

எங்கெங்கே வாய்ப்பு?

* கலைப் போட்டிகள்: கலை பண்பாட்டுத் துறை 17 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் குரலிசை, கருவியிசை, பரதம், கிராமிய நடனம் உள்ளிட்ட போட்டிகளை மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் நடத்துகிறது.

* மாவட்ட விருதுகள்: 18 வயது வரை ‘கலை இளமணி’, 19 முதல் 35 வரை ‘கலை வளர்மணி’. ஆடிய, பாடிய நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ், சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பது விண்ணப்பிக்கும்போது உதவும்.

* பள்ளிப் பிள்ளைகளுக்கு: அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா. பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் அதில் இடமுண்டு.

* உதவித்தொகை: மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தருகிறது.

* வானொலி: ஆகாசவாணி ஆடிஷனில் தேறினால் ‘பி’ கிரேடு. அங்கிருந்து ‘பி-ஹை’, ‘ஏ’, ‘டாப்’ என்று ஏறலாம்.

* கோயில் பணி: நாதஸ்வரம், தவில், ஓதுவார் ஆகியவை அறநிலையத்துறைக் கோயில்களில் சம்பளத்தோடு கூடிய பணிகள். இசைப்பள்ளிச் சான்றிதழுக்கு அங்கே மதிப்புண்டு. 2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டார். தேவாரம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு அது நம்பிக்கை தந்த செய்தி.

பெற்றோர் கேட்கும் கேள்வி

“இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோயில்களில் சுவிட்சைத் தட்டினால் அடிக்கும் மின்சார மேளம் வந்துவிட்டது. கல்யாண ஊர்வலங்களில் செண்டை மேளமும் டி.ஜே.யும் நுழைந்துவிட்டன. நல்ல மேளம் கூப்பிட வேண்டும் என்று நினைப்பவர்கள்கூட யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதுமனை புகுவிழா, பள்ளி ஆண்டு விழா, தெருப் பிள்ளையார் கோயில் உற்சவம் என எதற்கும் இசைப்பள்ளி மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரம் போதும். ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைத்து, நாற்காலி போட்டு, கடைசிப் பாட்டு வரை எழுந்து போகாமல் கேட்டு, வழிச்செலவோடு ஒரு சன்மானமும் கொடுத்தனுப்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு மேடை. கேட்டவர்களில் ஒருவர் அடுத்த கல்யாணத்துக்கு அழைக்கவும் கூடும்.

மின்சார மேளம் சாமி நின்றாலும் நடந்தாலும் ஒரே அடிதான் அடிக்கும். மாடவீதியில் வாகனம் திரும்பும் இடத்தில் சற்று நின்று, அதற்கேற்ப மல்லாரியை நீட்டி வாசிக்க ஆள்தான் வேண்டும். அந்தப் பெரியவருக்கு அடுத்து நிற்கும் இளைஞர், பத்து வருடம் கழித்து முதல் தவிலாக நிற்பாரா என்பது, இன்று அவருக்கு எத்தனை பேர் வாசிக்க இடம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.