ஓட்டக் காலணியின் பொருத்தம்

பகற்பொழுதின் நடமாட்டத்தால் பாதங்கள் சற்றே பருமனடைவது இயற்கையாதலின், எடை குறைந்த ஓட்டக் காலணியை வாங்க விரும்புவோர், மாலை வேளையில், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு கடைக்குச் சென்று, இரு கால்களிலும் அணிந்து நின்று, நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்திற்கு இடைவெளி இருப்பதையும், குதிகால் நழுவாதிருப்பதையும் பரீட்சித்துக்கொள்வது உத்தமம். அடிமெத்தையின் மென்மையை அறிய, விரலால் அழுத்திப் பார்ப்பது போதிய பிரமாணமன்று. ஓடுகையில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன்மேல் விழுவதால், கடைவாசலிலேனும் சிறிது தூரம் ஓடிப் பார்த்தாலன்றி அதன் குணம் விளங்காது. அடிப்புறம் தேயாதிருப்பினும், உள்ளிருக்கும் நுரைப்பொருள் நாளடைவில் நசுங்கித் தன் மீள்சக்தியை இழக்குமாதலால், ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் புதியது வாங்குவது வழக்கம். எடை குறைந்த காலணிகள் அதற்கு முன்னரே தளர்ந்துவிடுவதுண்டு.