ஒரு பெரிய போர்வை, பல சின்னப் பூக்கள்

கட்டில் முழுக்க விரிகிற ஓர் அப்ளிக் குவில்ட்டைக் கையாலேயே தைத்து முடிக்கப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகும். வெள்ளைத் துணிச் சதுரத்தின் மேல், பச்சைத் துணியில் வெட்டிய இலைகளையும் சிவப்புத் துணியில் வெட்டிய இதழ்களையும் ஒவ்வொன்றாக வைத்து, விளிம்பை உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாதபடி பொருத்த வேண்டும். அப்படி இருபது, இருபத்தைந்து சதுரங்களை இணைத்தால்தான் போர்வையின் மேல்துணி தயாராகும். அதன் பிறகு நடுவில் பஞ்சு அடுக்கும் கீழே அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டத் தையல் போட வேண்டும்.

இப்படி ஒரு நெடுநாள் வேலையைக் கையில் வைத்திருப்பவர்களின் தையல் கூடையைத் திறந்தால், பெரும்பாலும் இன்னொரு வேலையும் கண்ணில் படும். சின்ன வளையத்தில் இழுத்துக் கட்டிய ஒரு துண்டுத் துணி. அதில் பாதி முடிந்த ஒரு குருவி, அல்லது பெயரின் முதலெழுத்து, அல்லது கைக்குட்டை மூலையில் பூக்கத் தொடங்கியிருக்கும் ஒரு கொத்து.

பெரிய வேலை அப்படியே கிடக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி வேலையின் வரலாற்றையும் நடைமுறையையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சின்ன வேலைதான் பெரிய வேலையைக் கரை சேர்க்கிறது என்பது விளங்கும்.

சோழமண்டலக் கரையிலிருந்து போன பூக்கள்

அப்ளிக், அதாவது துணி மேல் துணி வைத்துத் தைக்கும் கலை, உலகின் பல மூலைகளில் தனித்தனியாக வளர்ந்தது. ஒடிசாவின் பிப்பிலியில் பூரி ஜெகந்நாதர் தேருக்கான விதானங்கள் இந்த முறையில்தான் உருவாகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவைதான்.

மேற்கத்திய குவில்ட்டின் கதையிலும் நம் கரைக்கு ஒரு பங்கு இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் தீட்டிச் சாயமேற்றிய பூத்துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பா சென்றன. துவைத்தாலும் மங்காத அவற்றின் சிவப்பைக் கண்டு அங்கிருந்த பெண்கள் மயங்கினார்கள். நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதே என்று கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிகளைப் பயன்படுத்துவதையே பெருமளவு தடுத்தது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது.

விலை உயர்ந்த, எளிதில் கிடைக்காத துணி என்பதால் கிழிந்ததைக்கூட யாரும் எறியவில்லை. துணியிலிருந்த ஒரு பூவை, ஒரு பறவையை, ஒரு மரக்கிளையை மட்டும் ஓரம் பிடித்து வெட்டியெடுத்து, வெறும் வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்தார்கள். ‘ப்ரோட்ரி பெர்ஸ்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்தப் பாணி, கடல் கடந்து அமெரிக்காவிலும் வேரூன்றியது. கையகலத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டில் விரிப்பாக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

பால்டிமோரின் ஆல்பங்கள்

அப்ளிக் குவில்ட்டின் உச்சம் என்று பலரும் சொல்வது, 1840களின் நடுவிலிருந்து 1850களின் தொடக்கம் வரை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உருவான ‘ஆல்பம்’ குவில்ட்டுகளை. பழக்கூடை, மலர் வளையம், கழுகு, நகரின் நினைவுச்சின்னம் என்று ஒவ்வொரு சதுரமும் ஒரு தனிப் படம். பல குவில்ட்டுகளில் ஒவ்வொரு சதுரத்தையும் ஒவ்வொரு பெண் தைத்து மையால் கையெழுத்திட்டிருக்கிறாள். ஊரை விட்டுப் போகும் பாதிரியாருக்கோ, மணமாகும் பெண்ணுக்கோ பரிசாகக் கொடுக்கப் பலர் கூடிச் செய்த வேலை அது.

இதில் கவனிக்க வேண்டியது வேலையைப் பங்கிட்ட விதம். ஒருத்தி தலையில் விழுந்தது ஒரு சதுரம்தான். அதைத் தொடங்கினாள், முடித்தாள், பெயர் எழுதினாள். முடித்த திருப்தி அவளுக்குச் சில வாரங்களிலேயே கிடைத்துவிட்டது. இன்று தன்னந்தனியாக இருபத்தைந்து சதுரங்களையும் தைக்க உட்காரும் ஒருவருக்கு அந்தத் திருப்தி எளிதில் வருவதில்லை. ஏழாவது சதுரம் முடிந்தாலும் இன்னும் பதினெட்டு மிச்சம். சின்ன எம்பிராய்டரி அவருக்குக் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

ஓர் இலையைத் தைப்பது

வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதை அறிய ஒரே ஓர் இலையைப் பார்த்தால் போதும். இலையின் உருவத்தைத் துணியில் வரைந்து, கோட்டுக்கு வெளியே கால் அங்குலத்துக்கும் குறைவாகத் துணி விட்டு வெட்டுகிறார்கள். அதைச் சதுரத்தில் இரண்டு குண்டூசியால் நிறுத்துகிறார்கள். நூல் இலையின் நிறத்தில் இருக்க வேண்டும். அடித்துணியின் நிறத்தில் இருந்தால் ஒவ்வொரு தையலும் புள்ளியாகத் தெரியும்.

இனி வேலை ஊசி நுனியில். அரை அங்குல நீளத்துக்கு மட்டும் விளிம்பை ஊசியால் உள்ளே தள்ளி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மடிப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று நூலிழையை மட்டும் கவ்வித் தைக்கிறார்கள். பிறகு அடுத்த அரை அங்குலம். நேர்த்தியாகத் தைப்பவர்கள் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் போடுவார்கள். உள்வளைவு வந்தால் கத்தரி நுனியால் சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி மடங்காது. இலையின் கூர்நுனிதான் சோதனை. அங்கே மிச்சத் துணியைக் கொஞ்சம் நறுக்கி, ஒரு பக்கத்தை நுனி வரை தைத்து, நுனியில் ஒரு தையல் கூடுதலாகப் போட்டு, மறுபக்கத்தை உள்ளே திருப்பினால்தான் முனை மழுங்காது.

கொடியும் தண்டும் வேறு கணக்கு. அவற்றுக்கான பட்டையை நெசவுக்குக் குறுக்காக, 45 பாகைச் சாய்வில் வெட்டினால் மட்டுமே துணி வளைந்து கொடுக்கும். நேராக வெட்டிய பட்டை வளைவில் சுருங்கி நிற்கும்.

ஒரு காசுக்கு ஒரு சதுரம்

சின்ன எம்பிராய்டரிக்கும் தனி வரலாறு உண்டு. 1872இல் லண்டனில் தொடங்கிய அரச ஊசிவேலைப் பள்ளி, 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த பெரும் கண்காட்சியில் தன் வேலைகளை வைத்தது. அதைப் பார்த்துவிட்டு அமெரிக்கப் பெண்களிடையே எம்பிராய்டரி மோகம் பரவியது. பட்டுநூல் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சாயம் போகாத சிவப்புப் பருத்தி நூல் கைகொடுத்தது. வெள்ளைத் துணியில் அச்சிட்ட கோட்டோவியத்தின் மேல் சிவப்பு நூலால் காம்புத் தையல் போட்டுக்கொண்டே போனால் படம் தயார். ‘ரெட்வொர்க்’ என்பது இதற்குப் பெயர்.

படம் அச்சிட்ட துணிச் சதுரங்கள் கடைகளில் ஒரு சென்ட் காசுக்குக் கிடைத்தன. பூனை, தேநீர்க் கோப்பை, பள்ளிக்குப் போகும் குழந்தை என எது வேண்டுமானாலும் படமானது. 1901இல் பஃபலோ நகரில் நடந்த பான் அமெரிக்கன் கண்காட்சியின் கட்டடங்களும், அங்கே சுடப்பட்டு இறந்த அதிபர் மெக்கின்லியின் முகமும்கூடச் சிவப்பு நூலில் வந்தன. ஒவ்வொன்றாகத் தைத்துப் பெட்டியில் போட்டு வைத்தவர்கள், போதுமான அளவு சேர்ந்ததும் அவற்றை இணைத்துப் படுக்கை விரிப்பாக்கினார்கள்.

எம்பிராய்டரி நிறைந்த இன்னொரு போர்வையாக, ஹவாய் அரசி லிலியுவோகலானியின் குவில்ட்டையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்சியை இழந்த அவரை 1895இல் ஹோனலுலுவின் இயோலானி அரண்மனையிலேயே ஓர் அறையில் பல மாதங்கள் சிறை வைத்தார்கள். அங்கே தோழியுடன் சேர்ந்து அவர் தைக்கத் தொடங்கிய குவில்ட்டில் ஒன்பது பெரிய சதுரங்கள். பட்டு, வெல்வெட் துண்டுகளின் மேல் பெயர்களும் தேதிகளும் ஹவாய்க் கொடிகளும் எம்பிராய்டரியாக இருக்கின்றன. அந்தக் குவில்ட் அதே அரண்மனையில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது.

இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று

சின்ன வேலை பையில் அடங்கும். பேருந்தில், மருத்துவமனை வரிசையில், பிள்ளையை டியூஷனில் விட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நாலு அங்குல வளையத்தை வெளியே எடுக்கலாம். பாதி தைத்த குவில்ட்டோடு வெயிலிலும் தூசியிலும் அலைய முடியாது. கைக்கும் சின்ன வேலை நல்லது. அப்ளிக்கில் கட்டைவிரல் நாள் முழுக்க ஒரே மாதிரி அழுத்திக்கொண்டிருக்கும். எம்பிராய்டரியில் ஊசி மேலும் கீழுமாகப் போய்வரும். அசைவு மாறினாலே விரல்களுக்கு ஓய்வு.

எல்லாவற்றையும்விடப் பெரிய பலன், சின்ன வேலையில் பழகிய தையல் குவில்ட்டுக்கே திரும்பி வருவது. துணியை எவ்வளவு சிறிதாக வெட்டினாலும் மகரந்தத் தண்டை வெட்ட முடியாது. கொடியின் சுருள், இலை நரம்பு, பறவையின் கண், பழத்தின் மேல் புள்ளி ஆகியவற்றை நூலால்தான் கொண்டுவர முடியும். பால்டிமோர்ப் பெண்கள் இவற்றை எம்பிராய்டரியாலும் மையாலும் செய்தார்கள். காம்புத் தையலும் பிரெஞ்சு முடிச்சும் கைக்குட்டையில் கைவந்துவிட்டால், மூன்று மாதம் உழைத்த சதுரத்தில் ஊசியை வைக்கும்போது கை நடுங்காது.

தொடங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு வாரத்துக்குள் முடிகிற அளவில் படத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டாவது வேலையும் வருடக்கணக்கில் நீண்டால் அதன் பயனே போய்விடும். கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி நூல்கண்டில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். கோட்டோவியத்துக்கு இரண்டு இழை போதும். இழைகளை ஒவ்வொன்றாக உருவி மறுபடி சேர்த்துக் கோத்தால் சிக்கு விழாது. நூல் ஒரு முழ நீளம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் துணியில் உரசி உரசிப் பிசிறு கட்டும்.

வளையத்தில் துணி மத்தளத் தோல் போல விறைப்பாக நிற்க வேண்டும். ஆனால் அன்றைய வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் வட்டத் தடம் பதிந்துவிடும். தண்ணீரில் மறையும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், அலசிக் கோடுகள் போன பிறகே இஸ்திரி போடலாம். சூடு பட்டால் அந்த நீலம் துணியிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. சிவப்பு, கருநீல நூல்களை முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, சாயம் ஒட்டாததை மட்டும் குவில்ட்டுக்கு எடுக்க வேண்டும்.

பின்பக்கத்தில் ஒரு பெயர்

குவில்ட் முடிந்த பிறகும் எம்பிராய்டரிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பின்பக்க மூலையில் தைத்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தாங்கிய ஒரு சின்னத் துண்டைப் பொருத்துவது வழக்கம். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய குவில்ட்டுகள் பலவற்றைத் தைத்தவர் யார் என்றே தெரியாமல் போனது இதனால்தான். பால்டிமோரின் மிக நேர்த்தியான சதுரங்களை வடிவமைத்தவர் மேரி எவன்ஸ் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பின்னர் 1850ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றில் கிடைத்த குறிப்பை வைத்து, அந்த வடிவமைப்பாளர் மேரி சைமன் என்ற குடியேறிய பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் பைபிள் கதைகளை அப்ளிக்கில் சொன்ன குவில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1886இல் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை, சில ஆண்டுகள் கழித்து ஐந்து டாலருக்கு வாங்கினார். வறுமையால்தான் பவர்ஸ் அதை விற்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் சொன்ன விளக்கத்தை ஸ்மித் எழுதி வைத்ததால்தான் அந்தப் பெயரும் கதைகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

இன்று தைப்பவர்கள் இன்னொருவர் எழுதி வைப்பார் என்று காத்திருக்கத் தேவையில்லை. உள்ளங்கை அளவு வெள்ளைத் துணி, இரண்டு இழை நூல், காம்புத் தையல் போதும். பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, யாருக்காகத் தைத்தது என்ற ஐந்தும் அதில் அடங்கிவிடும்.