பட்டணத்தில் வழியறிதல்

கல்வியின் பொருட்டும், உத்தியோகத்தின் பொருட்டும், நோய் தீர்த்துக்கொள்ளும் பொருட்டும் ஆண்டுதோறும் எண்ணிறந்த மக்கள் சென்னை மாநகரை முதன்முறையாக அடைகின்றனர். அவருள் நம் கல்லூரி மாணவரும் பலராவர். அந்நகரைப் பற்றி ஊர்களில் வழங்கும் பேச்சு பெரும்பாலும் இருவகையினது. ஒன்று, அங்குள்ள காட்சிகளின் வியப்பு. மற்றொன்று, அங்குச் சென்று ஏமாந்தோர் கதை. இவ்விரண்டும் புதிதாய்ச் செல்பவனுக்குப் பெரிதும் உதவுவன அல்ல. தான் நிற்கும் இடம் யாது, சேரவேண்டிய இடம் எத்திசையில் உள்ளது, இவ்விரண்டையும் இணைக்கும் வழி எது என்னும் மூன்றுமே அவன் அறியவேண்டுவன. இம்மூன்றும் அறியாமையால், நேர்முகத் தேர்வுக்குக் காலந்தாழ்த்துச் சென்று வாயிலிலேயே திருப்பப்பட்ட இளைஞரும், நோயாளியைத் தாங்கிக்கொண்டு வேறோர் மருத்துவமனை வாயிலில் நின்று திகைத்த குடும்பத்தாரும் உளர். ஆதலின் இதனை அற்ப விஷயமென்று தள்ளிவிடல் ஆகாது. நகரத்தின் அமைப்பை ஒருமுறை மனத்திற் பதித்துக்கொண்டால் அச்சம் தானே நீங்கும் என்பது நம் துணிபு. அவ்வமைப்பை இயன்றவரை எளிதாக விளக்கப் புகுகின்றோம்.

நகரின் உருவம்

சென்னை கடலோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. கடல் எப்பொழுதும் கிழக்கே உள்ளது. இஃது ஒன்றே திசை அறிதற்கு முதற்கருவி. மேற்கிலிருந்து வந்து கடலிற் கலக்கும் ஆறுகள் இரண்டு நகரைக் குறுக்கே பிரிக்கின்றன. வடபால் உள்ளது கூவம். தென்பால் உள்ளது அடையாறு. பக்கிங்ஹாம் கால்வாய் கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காகச் செல்கின்றது.

இந்நகர் ஒரே காலத்தில் ஒரே திட்டப்படி எழுந்ததன்று. 1640-இல் கட்டத் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டையும், அதன் வடக்கே வணிகர் குடியேறிய பகுதியும் முதலில் தோன்றின. திருவல்லிக்கேணியும் எழும்பூரும் 17-ஆம் நூற்றாண்டிலும், மயிலாப்பூர் 18-ஆம் நூற்றாண்டிலும் அதனோடு சேர்ந்தன. தியாகராய நகரோ, 1920-களில் பெரியதோர் ஏரியின் நிலத்தைத் திருத்தி அமைத்த பகுதி. 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எனவே சென்னை என்பது ஓர் ஊரன்று. பல ஊர்களின் தொகுதியேயாம். மதுரையிற் போலக் கோயிலை நடுவாக வைத்துத் தெருக்களை எண்ண முயல்வோர் இங்கே மயங்குவது இக்காரணம் பற்றியே.

ஆயினும் நெடுஞ்சாலைகள் இரண்டை நினைவிற் கொள்ளுதல் நலம். கோட்டையின் தெற்கிலிருந்து தென்மேற்காகச் சென்று, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து, கிண்டி கத்திப்பாராவை அடைவது அண்ணா சாலை. அதன் தொடர்ச்சியாகிய ஜி.எஸ்.டி. சாலையே தாம்பரம் வழியாகத் தென்னாட்டுக்குச் செல்வது. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வது பூந்தமல்லி நெடுஞ்சாலை.

நான்கு தடங்கள்

கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி எண்ணிவந்தால், நகரின் நீளப்போக்கில் நான்கு ரயில் தடங்கள் உள்ளன. இவற்றை அறிந்தவன் நகரின் பெரும்பகுதியை அறிந்தவனாவான்.

முதலாவது, மக்கள் பறக்கும் ரயில் என்று வழங்குவது. இது 1995-இல் கடற்கரை நிலையத்திற்கும் சேப்பாக்கத்திற்கும் இடையே தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை எட்டிற்று. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி செல்வோர்க்கு இஃது ஏற்றது.

இரண்டாவது, மெட்ரோவின் நீலத் தடம். வடக்கே விம்கோ நகரிலிருந்து, உயர்நீதிமன்றம், சென்ட்ரல் வழியாக, அண்ணா சாலையின் கீழே பூமிக்குள் சென்று, கிண்டி, ஆலந்தூர் கடந்து, விமான நிலையத்தில் முடிகின்றது.

மூன்றாவது, கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில். இது 1931-இல் தொடங்கிய பழமையான தடம். கோட்டை, பூங்கா, எழும்பூர், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி என்பன இதன் நிலையங்களிற் சில. தாம்பரத்திற்கு அப்பால் செங்கற்பட்டு வரையும் வண்டிகள் செல்கின்றன.

நான்காவது, மெட்ரோவின் பச்சைத் தடம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணாநகர், கோயம்பேடு, வடபழனி, அசோக்நகர் என்று நகரின் மேற்குப்பகுதியைச் சுற்றிப் பரங்கிமலையில் முடிவது.

இந்நான்கும் எங்கே கூடுகின்றன என்பதே முக்கியம். வடக்கே உள்ள முடிச்சு சென்ட்ரல். மெட்ரோத் தடங்கள் இரண்டும் அதன் கீழே சந்திக்கின்றன. சாலையைக் கடந்தால் மின்சார ரயிலின் பூங்கா நிலையம். சிறிது நடந்தால் பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம். தெற்கே உள்ள முடிச்சு கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலை என்னும் மூன்றுமாம். கிண்டியில் நீலத் தடமும் மின்சார ரயிலும், ஆலந்தூரில் மெட்ரோவின் இரு தடங்களும், பரங்கிமலையில் பச்சைத் தடமும் மின்சார ரயிலும் சேர்கின்றன. வழி தவறியவன் இவ்விரு முடிச்சுகளுள் ஒன்றை அடைந்துவிட்டால், மீண்டும் சரியான தடத்தைப் பிடித்தல் அரிதன்று.

ஒன்று நினைவிருக்கட்டும். மின்சார ரயிலுக்கு நிலையத்தில் வாங்கிய டிக்கெட்டு மெட்ரோவிற் செல்லாது. மின்சார ரயில்களுட் சில எல்லா நிலையங்களிலும் நில்லாமற் போவனவாதலின், ஏறுமுன் வினவுதல் வேண்டும்.

வந்திறங்கும் வாயில்கள்

வெளியூரார் வந்திறங்கும் இடங்கள் பல. கோயம்புத்தூர், சேலம், வேலூர் முதலிய மேற்குத் திசையிலிருந்தும், ஆந்திரம் முதலிய வடதிசையிலிருந்தும் வரும் ரயில்களிற் பெரும்பாலன 1873-இல் அமைந்த சென்ட்ரலுக்கு வருவன. மதுரை, திருநெல்வேலி முதலிய தென்திசை ரயில்களிற் பெரும்பாலன 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூருக்கு வருவன. இவ்விரண்டும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வெவ்வேறு நிலையங்கள். திரும்பும் பிரயாணத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கருதி வண்டியைத் தவறவிட்டோர் பலர். டிக்கெட்டில் அச்சிட்ட நிலையப் பெயரை முந்திய நாளே படித்துக்கொள்வது புத்தி. நேரம் குறுகினால், மெட்ரோவில் எழும்பூருக்கு அடுத்த நிலையம் சென்ட்ரல் என்பதை நினைவிற் கொள்க.

பேருந்தில் வருவோர்க்கு வாயில் மாறியிருக்கின்றது. 2002 முதல் கோயம்பேட்டில் இறங்கிய தென்மாவட்டத்தார், 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் இப்பொழுது இறங்குகின்றனர். அது வண்டலூரை அடுத்து ஜி.எஸ்.டி. சாலையில் உள்ளது. பழைய நினைவுடன், “இறங்கியவுடன் கோயம்பேடுதானே” என்று சொல்லியனுப்பும் உறவினர் சொல்லைச் சோதியாமற் கொள்ளலாகாது.

பெயர்களும் எண்களும்

ஓர் இடத்திற்கு இரண்டு பெயர்கள் வழங்குவது புதியோரை மயக்கும் மற்றொரு காரணம். பலகையில் அண்ணா சாலை என்றிருப்பதை முதியோர் மவுண்ட் ரோடு என்பர். பெரியார் ஈ.வெ.ரா. சாலையே பூந்தமல்லி நெடுஞ்சாலை; டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையே எட்வர்டு எலியட்ஸ் ரோடு; டி.டி.கே. சாலையே மௌபரீஸ் ரோடு. இல்லாத பொருளின் பெயரும் நிலைத்திருக்கும். 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பெயரை, சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஜெமினி ஸ்டூடியோ மறைந்தும், 1973-இல் அங்கெழுந்த அண்ணா மேம்பாலத்தை மக்கள் ஜெமினி என்றே அழைக்கின்றனர். தியாகராய நகர் செல்வோன் அப்பெயரில் ரயில் நிலையம் தேடினால் காணான், மாம்பலத்தில் இறங்கவேண்டும்.

வீட்டெண்ணிலும் இத்தகைய இரட்டைத்தன்மை உண்டு. பழைய எண், புதிய எண் என இரண்டும் ஒரே சுவரில் எழுதப்பட்டிருக்கும். முகவரி வாங்குங்கால் எவ்வெண் என்பதைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். காந்தி தெரு, பிள்ளையார் கோயில் தெரு என்பன பகுதிதோறும் உள்ளனவாதலின், பகுதியின் பெயரும் அஞ்சல் எண்ணும் இன்றித் தெருப்பெயர் மாத்திரம் பயன்தராது. பழைய கடிதங்களில் சென்னை-4 என்றிருந்தால் அது 600004, அதாவது மயிலாப்பூர். சென்னை-17 என்றிருந்தால் 600017, தியாகராய நகர்.

பேருந்தும் ஆட்டோவும்

ரயில் செல்லாத இடங்களுக்கு மாநகரப் பேருந்தே துணை. பேருந்தின் எண்ணோடு வரும் எழுத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். எண் ஒன்றாயிருந்து எழுத்து வேறாயின் வழியும் வேறாகும். எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் ஏறினால் அதே எண்ணுள்ள வண்டி நம்மை நேர்மாறான திசையிற் கொண்டுபோம். சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கிற்று. விரைவு, சொகுசு வண்டிகளுக்கு அது பொருந்தாது. இடப்பக்கத்து இருக்கைகள் பெண்களுக்குரியன.

கண்டக்டர் தம் இருக்கையிலேயே அமர்ந்திருத்தல் இந்நகரின் வழக்கம். முன்னே நிற்போர் கொடுக்கும் பணம் பலர் கை மாறி அவரிடம் சேர்ந்து, டிக்கெட்டும் மிச்சச் சில்லறையும் அவ்வாறே பலர் கை மாறித் திரும்பி வரும். முகமறியாதோர் கைகளின் வழியே நடக்கும் இக்கொடுக்கல் வாங்கலில் காசு குறைவது அரிது. பட்டணத்தார் யாவரும் வஞ்சகர் என்று எண்ணிச் செல்வோர் இதனைக் கண்டு தம் கருத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்தல் அவசியம். சேரவேண்டிய இடம் எத்தனை கிலோமீட்டர் என்பதை முன்னரே அறிந்து பேசுபவனிடம் மிகையாகக் கேட்பது கடினம்.

ஓர் உதாரணம்

திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் நோயாளியோடு அதிகாலையிற் கிளாம்பாக்கம் வந்திறங்குவதாகக் கொள்வோம். அவர்கள் முதலில் தெளியவேண்டியது மருத்துவமனையின் பெயர். “பெரியாஸ்பத்திரி” என்னும் சொல் போதாது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரல் எதிரிலும், ஸ்டான்லி மருத்துவமனை வடசென்னையிலும், வேறு பெரிய அரசு மருத்துவமனைகள் கீழ்ப்பாக்கத்திலும் இராயப்பேட்டையிலும், குழந்தைகள் மருத்துவமனையும் கண் மருத்துவமனையும் எழும்பூரிலும் உள்ளன. ஊர் மருத்துவர் தந்த சீட்டில் எழுதிய பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொள்ளவேண்டும். அது சென்ட்ரல் எதிரிலுள்ளதாயின், பேருந்திற் தாம்பரம் சென்று, கடற்கரை செல்லும் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், மருத்துவமனை அருகிலேயே உள்ளது. காலை எட்டு மணிக்குமேல் வண்டியில் நெருக்கம் மிகும். ஆகவே அதற்குமுன் ஏறுதல் நோயாளிக்கு நலம். நடக்கவியலாத நோயாளியாயின், செலவு பாராமல் வாடகைக் கார் அமர்த்துவதே முறை.

கேட்டறிதல்

கைபேசியிலுள்ள நிலப்படம் இக்காலத்துப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் மின்கலம் தீர்ந்தபின் அது வெறும் கண்ணாடித் துண்டே. முகவரியையும் ஒரு தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பழைய முறையாயினும் பழுதற்ற முறை. வழி கேட்குங்கால், நாமாகத் தேடி ஒருவரைக் கேட்பது நன்று. வலிய வந்து வழி காட்டுவேன் என்பாரிடம் எச்சரிக்கை வேண்டும். கடைக்காரர், கண்டக்டர், போக்குவரத்துக் காவலர் ஆகியோர் இடமறிந்தோர். ஒருவர் சொன்னதைச் சிறிது தூரம் சென்று மற்றொருவரிடம் உறுதி செய்துகொள்க. “இது வடபழனி போகுமா?” என்றால் அவசரத்தில் ஆமென்பாரும் உளர், “வடபழனிக்கு எந்த வண்டி?” என்று கேட்டால், அறிந்தவரே விடை கூறுவர்.

வழி கேட்பது இழிவென்று கருதி வாளா அலையும் மாணவர் சிலர் உளர். வகுப்பில் ஐயம் வினவாதவன் தேர்வில் படும் பாட்டை இவர்கள் தெருவிற் படுகின்றனர். கேட்பவனுக்கு இதில் இழிவில்லை. கேட்கப்பட்டவனுக்கோ கடமை உண்டு. அறியாததை அறிந்தவன்போற் கைநீட்டிக் காட்டுதல், தெரியாதென்று சொல்வதினும் பெருந்தீங்கு. நம் கல்லூரியிற் பயின்று இன்று சென்னையில் வாழும் பழைய மாணவர் பலர். தம்மிடம் வழி வினவும் புதியோர்க்கு, வேலை மிகுதியிலும் ஒரு நிமிஷம் நின்று, திசையையும் வண்டியையும் இறங்குமிடத்தையும் தெளிவாகச் சொல்வாராக. பெற்றோரை முதன்முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் இளைஞனுக்கு அன்று அந்நகரில் வேண்டுவது அவ்வொரு நிமிஷமே.