பல்லுக்குப் போடும் பாலிஷ்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் படிப்பு வட்டம் நடக்கிறது. அங்கே வரும் ஓர் அக்கா வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். பல்லெல்லாம் கறை. டாக்டரிடம் போகப் பயம்.

"ஏதோ பசை போட்டுத் தேய்ப்பாங்களாமே, தம்பி? பல் தேய்ஞ்சு போகாதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதிலை நாமும் தெரிந்துகொள்வோம்.

பல் சுத்தம் செய்வதில் இரண்டு வேலை உண்டு. முதலில், பல்லில் கல்போல் இறுகிய காரையைக் கருவியால் எடுப்பார்கள். பிறகு கறை போகப் பசை தடவுவார்கள். சுழலும் சிறு ரப்பர் கிண்ணத்தால் மெல்லத் தேய்ப்பார்கள். இதுதான் பாலிஷ்.

பசையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் பியூமிஸ் கல்லின் தூள். எரிமலைக் குழம்பு ஆறி உண்டாகும் கல் இது. குதிகால் தேய்க்க விற்கிறார்களே, அந்தக் கல்லும் இந்த வகைதான். நைசாக அரைத்த தூளைக் கிளிசரினில் குழைத்திருப்பார்கள்.

பல்லின் மேல் எனாமல் என்ற ஓடு உண்டு. நம் உடம்பில் மிகக் கடினமானது அதுதான். ஆனால் தேய்ந்தால் திரும்ப வளராது. பாலிஷ் போடும்போது எனாமல் மிக மிகக் கொஞ்சம்தான் தேயும். எப்போதாவது, கறை உள்ள இடத்தில் மட்டும் போட்டால் பயமில்லை. ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில் தவிர்ப்பது நல்லது. பசையை விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்பார்கள். காரை சேர்ந்தால் ஈறு கெடும். பல்லின் பிடிப்பு தளரும். காரையை எடுத்த பிறகுதான் அந்த ஆட்டம் நமக்குத் தெரிகிறது.

"சரி அக்கா, நீங்கள் தினமும் எதனால் பல் தேய்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"செங்கல் தூள்தான்" என்றார்.

பாருங்கள்! டாக்டரின் பசை எப்போதோ ஒரு நாள். செங்கல் தூளோ தினமும். கரகரப்பான தூள்தான் எனாமலை அரிக்கிறது. சாம்பலும் கரியும் அப்படித்தான். புகையிலைப் பொடி இன்னும் மோசம். அது வாய்ப் புற்றுநோய் தரும். அதனால்தான் 1992இல் மத்திய அரசு பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்கத் தடை விதித்தது.

விக்டோரியா ஆஸ்பத்திரி அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அக்கா அங்கே போய் வந்தார். இப்போது மென்மையான பிரஷ் வாங்கியிருக்கிறார். பற்பசை டப்பாவில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

பேசுவோம்: உங்கள் வீட்டில் எதனால் பல் தேய்க்கிறீர்கள்? அதில் என்ன சேர்ந்திருக்கிறது? படித்துப் பாருங்கள்.