மார்கழி மொச்சை ஆடி வரைக்கும்

திருத்தணியில் குளிர் என்று சொல்லிக்கொள்ள ஆண்டுக்கு ஐந்தாறு வாரம் இருக்கும். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் 365 படியிலும் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறும்போது தலையில் மப்ளர் சுற்றியிருப்பார்கள். மே மாதம் வந்தால் இதே ஊர் 42, 43 டிகிரி என்று வானிலைச் செய்தியில் வேலூரோடு போட்டி போடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடையில் காய்த்த பீன்ஸைப் பனிக்காலத்துக்கென்று ஃப்ரீசரில் போட்டு வைப்பது பழைய வழக்கம். அதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, தலைகீழாகத் திருப்ப வேண்டும். நமக்குப் பனி கொட்டும் மாதங்கள்தான் காய் கொட்டும் மாதங்கள். பஞ்சம் கத்திரி வெயிலில்தான். தை, மாசியில் கிலோ முப்பது, நாற்பதுக்குக் கூவி விற்ற பீன்ஸ் 2024 மே மாதத்தில் சென்னைச் சில்லறைக் கடைகளில் 200 ரூபாயைத் தொட்டது.

பீன்ஸ் இந்த ஊருக்கு விருந்தாளிதான். ஓசூர், கோலார், நீலகிரி என்று குளிர்ந்த ஊர்களில் விளைந்து லாரியில் வருகிறது. திருத்தணி வீடுகள் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கி வைக்க ஆசைப்படுவது மொச்சைக்குத்தான். காரணம் எளிது. பீன்ஸ் விலை ஏறினாலும் கிடைக்கும். பச்சை மொச்சை தை தாண்டினால் எந்த விலைக்கும் கிடைப்பது அரிது. நாட்டு மொச்சைக் கொடி பகல் குறுகினால்தான் பூக்கும். எப்போது விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சுருங்கும்வரை இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும், பூ எடுக்காது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற குத்து ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் மார்கழிப் பனியில் நனைந்த நாட்டுக் காயின் தோலில் பிசுபிசுவென்று ஒட்டும் அந்த எண்ணெய் வாசனைக்குத்தான் இங்கே மதிப்பு. உரித்துவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலில் சாயந்திரம்வரை இருக்கும்.

இந்த வாசனைக்கு எல்லைக் கோடு கிடையாது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அடுப்பை யாரும் பிரிக்கவில்லை. ஆந்திரப் பக்கம் அனபகாய என்று வாங்கி பிதிகின பப்பு வைக்கிறார்கள். இந்தப் பக்கம் மொச்சை என்று வாங்கி பிதுக்குப் பருப்பு வைக்கிறோம். கன்னடத்தில் இதுவே ஹிதிகிதபேளே. பெங்களூருவில் குளிர்காலம் தோறும் இதற்கென்று மேளாவே நடக்கிறது.

பிதுக்குப் பருப்பைச் செய்து பார்க்காதவர்களுக்காக: உரித்த பச்சைக் கொட்டையை இரவு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, முளை இருக்கும் பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் விரலில் நிற்கும், பருப்பு இரண்டாகப் பிளந்து வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். சில சமயம் பாத்திரத்தைத் தாண்டிச் சுவரில் போய் அடிக்கும். கிலோ கணக்கில் பிதுக்க வீட்டில் நாலு பேர் உட்கார வேண்டும். தேங்காய், கசகசா, இஞ்சி, பூண்டு அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் இட்லிக்கும் ஆகும், கேழ்வரகுக் களிக்கும் ஆகும். கிருத்திகைக்குக் கிருத்திகை கவுச்சியை ஒதுக்கும் ஊரில், மசாலா வாசனையோடு சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் கதி.

நெருக்கடி ஆடிக் கிருத்திகையில் வருகிறது. காவடி எடுக்க வரும் உறவுக்காரர்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். அந்த நேரம் கடையில் பச்சை மொச்சை இருக்காது. அதனால்தான் மார்கழி, தையில் கூடுதலாக ரெண்டு கிலோ வாங்கி, உரித்து, பாலிதீன் கவரில் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைப்பது இப்போது பரவியிருக்கிறது. ஆனால் பலர் பச்சையாகவே போட்டுவிடுகிறார்கள். பங்குனியில் எடுத்தால் நிறம் மங்கி, வைக்கோல் மாதிரி ஒரு வாடை. வேகவைத்தாலும் போகாது. ஃப்ரிட்ஜைத் திட்டுவார்கள். பாவம், ஃப்ரிட்ஜ் என்ன செய்யும்?

பறித்த பிறகும் காய்க்குள் வேலை நின்றுவிடுவதில்லை. கொட்டையில் இருக்கும் நொதிகள் கொழுப்பைச் சிதைத்துக்கொண்டும் பச்சையத்தை மாற்றிக்கொண்டும் இருக்கும். சர்க்கரை மாவுச்சத்தாகிக்கொண்டிருக்கும். ஃப்ரீசர் குளிர் இந்த நொதிகளைக் கொல்லாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். மைனஸ் 18 டிகிரியிலும் அவை ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். மாதக்கணக்கில் ஊர்ந்தால் வைக்கோல் வாடை வந்து சேரும். நொதியை அடக்குவது சூடு. உள்ளே வைக்கும் முன் ஒரு கொதி காட்டி எடுத்தால் கதை முடிந்தது.

இதை யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் கொத்தவரங்காய் வத்தல் போடும் எந்தப் பாட்டியையும் கேளுங்கள். காயை நறுக்கி நேரே மொட்டை மாடியில் பரப்ப மாட்டார். உப்பு போட்ட தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, வடித்து, அதற்குப் பிறகுதான் வேட்டித் துணியில் காயவைப்பார். ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை மூன்று நான்கு நாள் வெயில். அந்த அரை வேக்காடு இல்லாவிட்டால் வத்தல் கருத்து, நாறி, வறுக்கும்போது ரப்பர் ஆகிவிடும். வத்தல் தண்ணீரை வெளியேற்றிக் காயைக் காப்பாற்றுகிறது. ஃப்ரீசர் அதே தண்ணீரைப் பனிக்கட்டியாக்கி முடக்கி வைக்கிறது. இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான். மிக்சியும் ஃப்ரிட்ஜும் வந்த வேகத்தில் நாம் மாடியை மறந்ததோடு அந்தக் கொதியையும் மறந்துவிட்டோம்.

காய் வாங்குவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ம.பொ.சி. சாலையில் நடைபாதையில் கோணியை விரித்து உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களிடம் “உரிச்சதா குடு ஆயா” என்று கேட்டால், “உரிச்சதுல இன்னா வாசன இருக்கும் கண்ணு? காயா எடுத்துனு போ, பனி கூட காயல” என்று பதில் வரும். வியாபாரத் தந்திரம் கொஞ்சம் இருக்கலாம், விஷயமும் சரிதான். உரித்த கொட்டை சீக்கிரம் சுவை இழக்கும். காயாக வாங்கினால் கிலோவுக்கு அரைக் கிலோ கொட்டைகூடத் தேறாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே உரித்துவிட வேண்டும். பனிக் காலத்தில் புழு உண்டு. ஓட்டை விழுந்த கொட்டையைத் தயங்காமல் எறியுங்கள். முற்றி மஞ்சளானவை குழம்புக்கு ஆகும், ஃப்ரீசருக்கு ஆகாது.

பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர். அரைக் கிலோ கொட்டைக்கு நாலு லிட்டர் என்பது கணக்கு. நம் வீட்டுக் குண்டான் சரியாக இருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து நேரம் எண்ண வேண்டும். சின்னக் கொட்டைக்கு 2 நிமிடம், நடுத்தரத்துக்கு 3, நல்ல பருமனுக்கு 4. பீன்ஸாக இருந்தால் நறுக்கிப் போட்டு 3 நிமிடம். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதிக்கவில்லை என்றால் தண்ணீர் தாங்குவதற்கு மேல் காயைப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது; அரைகுறையாகச் சூடுபட்ட நொதி சூடே படாததைவிட அதிகம் ஆட்டம் போடும்.

வடித்தவுடன் ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். நம்மூர் மார்கழிக் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள், அது அவ்வளவு சில்லிப்பு கிடையாது. முதல்நாள் இரவே இரண்டு தட்டு ஐஸ் போட்டு வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் கொதித்ததோ அவ்வளவு நேரம் குளிர வேண்டும். இந்த இடத்தில் ஒரு லாபம் உண்டு: கொதியில் தோல் தளர்ந்திருக்கும். பிதுக்குப் பருப்பாகவே வைக்க விரும்புகிறவர்கள் ஊறப்போடாமல் இப்போதே பிதுக்கிவிடலாம். நான் பாதியைப் பிதுக்கியும் பாதியைத் தோலோடும் வைப்பேன். காரக்குழம்புக்குத் தோல் இருந்தால்தான் கொட்டை குழையாமல் நிற்கும்.

பிறகு துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லாக இறுகியதும் கவரில் போடுங்கள். இப்படிச் செய்தால் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. வேண்டிய பிடியை மட்டும் அள்ளலாம். கவரில் இருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு இறுகக் கட்டுங்கள். ஃப்ரீசரில் மீன் இருக்கிற வீடாக இருந்தால் இரண்டு கவர். தேதி எழுதி ஒட்டுவதை யாரும் செய்வதில்லை, செய்தால் நல்லது.

வேகம் முக்கியம். மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனிப்படிகங்கள் உருவாகி, செல்களின் சுவரைக் கிழித்துவிடும். எடுத்ததும் தண்ணீர் விட்டுத் தொளதொளக்கும். கனடாவின் லாப்ரடார் குளிரில் பிடித்த மீன் நொடியில் விறைத்துப்போய், மாதக் கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதிதாக இருந்ததைப் பார்த்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அந்த வேகத்தைத்தான் இயந்திரமாக்கினார். 1930 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த பட்டாணி விற்பனைக்கு வந்தது. நம் சமையலறை ஃப்ரீசருக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால் ஒரே நாளில் ஐந்து கிலோவைத் திணிக்காதீர்கள். சின்ன ஃப்ரீசரில் ஒரு நாளைக்கு ஒரு கிலோ போதும்.

உங்கள் ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். மின்சிக்கனத்துக்கு ஒட்டும் ஸ்டிக்கரைச் சொல்லவில்லை. பனிப்பூப் போன்ற நட்சத்திரம். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18 டிகிரி. மூன்று இருந்தால் எட்டு மாதத்துக்குக் கவலையில்லை, ஆடி தாராளமாகத் தாண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் தாங்கினாலே பெரிது. அது இருக்கிற வீடுகள் ஆடிக்கு ஆசைப்படாமல் பங்குனி உத்திரத்துக்குள் தீர்த்துவிடுவது உத்தமம்.

அப்புறம் கரண்ட். 2012இல் சென்னைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தனியாக நிற்கும் ஃப்ரீசர் நிறையச் சாமான் இருந்து கதவைத் திறக்காவிட்டால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24. ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சின்ன அறை அவ்வளவு தாங்காது. முழுக்க இளகி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் கிடந்த மொச்சையை மறுபடி உறையவைக்க வேண்டாம். குளிர் கிருமியைத் தூங்கவைக்கும், கொல்லாது. கொத்தவரை வத்தலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டப்பாவில் கிடக்கும், புயலைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. அதனால் வத்தல் போடும் வீடுகள் அதை விட்டுவிட வேண்டாம்.

எல்லாக் காயையும் இப்படி வைக்கலாமா என்றால் என் அபிப்பிராயம் இது: மொச்சை, துவரை, பட்டாணி மூன்றும் ஃப்ரீசரில் தேறும். காராமணிக் காய் சுமார். பீன்ஸை வைக்கலாம், ஆனால் அதில் பொரியல் செய்து நல்ல பெயர் வாங்க முடியாது. கூட்டுக்கும் குருமாவுக்கும் ஒதுக்குங்கள். சமைக்கும்போது எதையும் வெளியே வைத்து இளகவிட வேண்டாம். மசாலா கொதிக்கும்போது கல்லாகவே போட்டு மூடுங்கள். ஏற்கெனவே ஒரு கொதி கண்ட கொட்டை என்பதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். குக்கரில் வைத்தால் ஒரு விசில், பிதுக்கியதாக இருந்தால் குக்கரே வேண்டாம்.