ஒரு சிட்டிகை பாஸ்வரம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்தப் பழைய நிலையத்தைத் தாண்டி வடக்கே காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே போனால் இரும்பின் ஓசையும் கரிப்புகையின் வாடையும் நம்மைத் தொடர்ந்து வரும். அந்த வட்டாரத்துச் சிறிய வார்ப்படச் சாலை ஒன்றில் என் பழைய மாணாக்கன் ஒருவன் வேலை பார்க்கிறான். சென்ற கோடை விடுமுறையில் அவன் என்னை அங்கே அழைத்துச் சென்றான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நமது கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்லலாகாது என்பது சட்டம். படகுகளைப் பழுது பார்க்கும் காலமும் அதுவே. நான் சென்ற அன்று, ஒரு படகின் விசிறித் தண்டுக்கான வெண்கலப் புஷ் மேஜைமேல் கிடந்தது. தண்டு தேயாமல் சுழல்வதற்காக அதைச் சுற்றிப் பொருத்தும் உருளை அது. வெளித் தோற்றத்தில் பொன் போலப் பளபளத்தது. கடைசல் இயந்திரத்தில் ஏற்றிய பிறகோ உள்ளே ஊசித் துளைகள் தெரிந்தன!

"இரண்டாவது தடவை, ஐயா. படகுக்காரர் தினமும் வந்து கேட்கிறார். கெடு முடிந்தால் அவர் கடலுக்குப் போக வேண்டும்" என்றார் மேஸ்திரி. அவர் முப்பது வருஷம் உலையோடு பழகியவர்.

இந்தத் துளைகள் எங்கிருந்து வருகின்றன? உருகிய செம்பு தாகமுள்ள பிராணியைப் போன்றது. காற்றிலுள்ள பிராணவாயுவையும், ஈரத்திலுள்ள ஜலவாயுவையும் குடித்துவிடும். ஆறி இறுகும்போது இவ்விரண்டும் கூடி நீராவியாகின்றன. வெளியேற வழியில்லாத ஆவி உலோகத்தினுள்ளேயே குமிழியாய்த் தங்கிவிடுகிறது.

பிராணவாயுவைப் பிடுங்கி எடுக்க வல்லது பாஸ்வரம். ஆனால் அதன் குணமோ வெகு பொல்லாதது! வெண்பாஸ்வரம் நமது சென்னைக் கோடையின் வெப்பத்திலேயே தீப்பற்றிக்கொள்ளும். ஆகையால் அதை நீருக்குள்ளேதான் வைத்துக் காப்பாற்றுவார்கள். 280 பாகையில் அது கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகுவதற்கோ 1,085 பாகை வேண்டும். அத்தகைய உலையில் பாஸ்வரத்தை நேரே போட்டால் அது சீறி எரியுமே தவிர, செம்போடு சேராது.

நமது வீட்டுப் பெண்மணிகளுக்கு இதற்கு உபாயம் தெரியும். கட்டிப் பெருங்காயத்தை அப்படியே குழம்பில் போடுவதில்லை. சிறிது நீரில் கரைத்தல்லவா ஊற்றுகிறார்கள்? அவ்வாறே, செம்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை பாஸ்வரத்தை முன்னதாகவே கரைத்துத் தாய்க் கலவை ஒன்று தயாரித்துவிடுகிறார்கள். சுத்தியலால் தட்டினால் உடையும் இந்தக் கலவையில் பாஸ்வரம் அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. வார்ப்பதற்குச் சற்று முன் அதைத் திரவத்தினுள் அமிழ்த்திக் கலக்கினால், பாஸ்வரம் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு கசடாக மேலே மிதந்து வரும். அதை வழித்துவிட்டு வார்க்க வேண்டியதுதான். பெல்ஜியம் தேசத்தில் மான்டிபியோரி-லெவி, கூன்ஸெல் என்ற இருவர் 1870-ஆம் ஆண்டையொட்டிப் பீரங்கி வார்ப்பதற்காகப் பாஸ்வர வெண்கலத்தை ஆராய்ந்தார்கள். பீரங்கிக்கு நினைத்தது பின்னர் யந்திரங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

"தாய்க் கலவை போடவில்லையா?" என்று கேட்டேன்.

"முதல் தடவை போடவில்லை, ஐயா. அடுத்த தடவை தம்பி சொன்னான் என்று கை நிறைய அள்ளிப் போட்டேன். அதற்கும் ஓட்டைதான்!" என்றார் மேஸ்திரி.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பாஸ்வரம் மிஞ்சினால் உலோகம் தண்ணீராய் இளகி மணலுக்குள் புகுந்து மேனியைக் கெடுக்கும். அச்சு மணலின் ஈரத்தோடு வினைபுரிந்து ஜலவாயுவை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மின்சாரம் கடத்தும் செம்பாக இருந்தாலோ நஷ்டம் இன்னும் அதிகம்: நூற்றுக்கு 0.04 பங்கு தங்கிவிட்டால், கடத்தும் திறனில் கணிசமான பங்கு போய்விடும்.

நானும் என் மாணாக்கனும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். நூறு கிலோ உலோகத்திற்கு இருநூறு கிராம் தாய்க் கலவை போட்டால், அதிலுள்ள பாஸ்வரம் முப்பதே கிராம். மேஸ்திரி சிறிது நேரம் பேசாமலிருந்தார். முப்பது வருஷத்து அநுபவத்தைக் காகிதத்துக்கு முன் தாழ்த்துவது எளிதா? பிறகு பையனை அழைத்து, "தராசை எடுத்துக்கொண்டு வாடா!" என்றார்.

அச்சை நன்றாய் உலர்த்தியதும், உலையின் சூட்டை நிறத்தைப் பார்த்தே கண்டுகொண்டதும் அவர்தான். அந்த வித்தை எங்கள் இருவருக்கும் வராது. மூன்றாம் முறை வார்த்த புஷ்ஷைக் கடைந்தபோது ஒரு துளையும் இல்லை. ஜூன் 15-ஆம் தேதி விடியற்காலையில் அந்தப் படகு கடலுக்குப் புறப்பட்டது என்று என் மாணாக்கன் சொன்னான்.

நமது தொழில்கள் தழைக்கக் கைத்திறன் வேண்டும் என்கிறோம். படிப்பு வேண்டும் என்றும் சொல்லுகிறோம். இரண்டும் தனித்தனியே இருந்து பயனென்ன? அந்த உலைக்களத்தில் அவை ஒன்று சேர்ந்தது ஒரு தராசினால். இப்போது அது மேஸ்திரியின் கைக்கெட்டும் தூரத்திலேயே தொங்குகிறதாம்.